மூட்டு மாத்தியாச்சு... குளிக்கிறது எப்படி?

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிஞ்ச வீட்டுக்கு யார் பாக்க வந்தாலும் ரெண்டே ரெண்டு கேள்விதான் கேப்பாங்க. ஒண்ணு, "எவ்வளவு ஆச்சு?" ரெண்டாவது, "நடக்குறாங்களா?" ஹார்லிக்ஸ் பாட்டிலையும் நாலு ஆப்பிளையும் வெச்சுட்டு, இந்த ரெண்டுக்கும் பதில் வாங்கிட்டு, காபி குடிச்சுட்டுக் கிளம்பிடுவாங்க. எப்படிக் குளிக்கிறாங்க, எப்படி டாய்லெட் போறாங்கன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. கேக்கக் கூச்சம். சொல்லவும் கூச்சம். ஆனா முதல் ஒன்றரை மாசம் வீட்ல நடக்குற பாதிப் போராட்டம் அந்த நாலடிக்கு ஆறடி பாத்ரூமுக்குள்ளதான் மக்களே!

எங்க அப்பத்தாவுக்கு (அப்பாவோட அம்மா, வயசு 69) போன மே மாசம் வலது முழங்கால் மூட்டை மாத்தினாங்க. எனக்கு செமஸ்டர் லீவு. அப்பா, அம்மா ரெண்டு பேருமே வேலைக்குப் போறவங்க. தம்பியை ஒரு டம்ளர் தண்ணி எடுக்கச் சொன்னாலே அரை மணி நேரம் ஆகும். ஆக, பகல் டூட்டி எனக்கு. அந்த நாப்பது நாள்ல தெரிஞ்சுக்கிட்ட சமாச்சாரம் உங்க வீட்டுக்கும் ஒரு நாள் உதவும்னுதான் இதை எழுதுறேன். நம்ம கிளாஸ்லயே நாலஞ்சு பேர் வீட்ல "மூட்டு வலி, மாடி ஏற முடியல"ன்னு புலம்பிக்கிட்டு இருக்காங்களே.

முதல்ல கொஞ்சம் பொது அறிவு

மூட்டை மாத்துறதுன்னா முழங்காலையே கழட்டிட்டு வேற ஒண்ணு மாட்டுவாங்கன்னு எங்க தெருவுல பாதிப் பேர் நம்புறாங்க. அப்படி இல்ல. தொடை எலும்போட கீழ் நுனியும், கீழ்க்கால் எலும்போட மேல் நுனியும் உரசுற இடத்துல வழுவழுன்னு ஒரு குருத்தெலும்பு இருக்கும். அது தேஞ்சு போய் எலும்போட எலும்பு உரசுறதுதான் அந்த வலி. ஆபரேஷன்ல கெட்டுப்போன மேல்பகுதியை மட்டும் சீவி எடுத்துட்டு, உலோகத்துல தொப்பி மாதிரி போடுறாங்க. நடுவுல பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் தகடு ஒண்ணு. தேஞ்ச பல்லுக்கு கேப் போடுற மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

19-ம் நூற்றாண்டோட கடைசில ஜெர்மனியில கிளக்னு ஒரு டாக்டர் யானைத் தந்தத்துல மூட்டு செஞ்சு வெச்சுப் பாத்திருக்கார். கிருமித் தொற்று வந்து தோத்துப் போச்சு. இப்ப போடுற மூட்டுக்கு முன்னோடி 1974-ல நியூயார்க்ல வந்துச்சு. அதை உருவாக்கின குழுவுல இருந்த சித்தரஞ்சன் ரணாவத்ங்கிற நம்ம நாட்டு டாக்டர்தான், 2000-லயும் 2001-லயும் வாஜ்பாய்க்கு ரெண்டு மூட்டையும் மாத்தினவர். பிரதமரே பண்ணிக்கிட்டார்ங்கவும்தான் இந்த ஆபரேஷனோட பேர் நம்ம ஊர்ல பட்டிதொட்டி எல்லாம் பரவுச்சு.

காமர்ஸ் படிக்கிறவ விலை சொல்லாமப் போனா எப்படி? சாதாரணமா போடுற கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 2017 ஆகஸ்ட்ல தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 54,720 ரூபாய்னு உச்சவரம்பு வெச்சது (ஜிஎஸ்டி தனி). அதுக்கு முன்னாடி சராசரி எம்ஆர்பி ஒன்றரை லட்சத்துக்கு மேல! ஒரே உத்தரவுல மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரி, டாக்டர், ரூம் வாடகை எல்லாம் தனிக் கணக்கு.

அக்கவுண்ட்ஸ் பாஷையில சொன்னா மூட்டு மூலதனச் செலவு, அதுக்கப்புறம் வீட்ல பண்றது வருவாயினச் செலவு. முதல் செலவுக்குக் கடன் வாங்கியாவது பண்ணிடுறோம். ரெண்டாவதுக்கு பட்ஜெட்டே போடுறதில்ல.

தண்ணி படக்கூடாதாம்!

நாலாம் நாள் டிஸ்சார்ஜ். முழங்காலுக்கு நடுவுல நேர்கோடா ஒரு தையல். நூல் கிடையாது, ஸ்டேப்ளர் பின் மாதிரி உலோக பின். அது பதினாலாம் நாள் எடுக்குற வரைக்கும் தண்ணியே படக்கூடாதுன்னுட்டாங்க. தண்ணி புகாத ஒட்டு போட்டு சீக்கிரமே குளிக்க விடுற டாக்டர்களும் உண்டாம். அவரவர் டாக்டர் சொல்றதுதான் அவரவருக்கு வேதம். ஏன் இவ்வளவு கெடுபிடின்னா, உள்ள இருக்குற உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ஒரு தடவை கிருமி போய் அதுல உக்காந்துட்டா மருந்தால விரட்டுறது ரொம்பக் கஷ்டம். சில சமயம் மூட்டையே திரும்பக் கழட்ட வேண்டி வரும். கிளக் டாக்டரைத் தோக்கடிச்ச அதே எதிரி!

இப்ப யோசிச்சுப் பாருங்க. மதுரை. கத்திரி வெயில். கரெண்ட் போனா வீடே அடுப்பு. தினம் ரெண்டு வேளை தலைக்கு ஊத்திக்கிற அப்பத்தா. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துல கண்மாயில முங்கி முங்கிக் குளிச்சு வளந்தவங்க. அவங்ககிட்ட போய் "பத்து நாளைக்கு ஈரத்துணியால துடைச்சுக்க"ன்னா?

"பொணத்தைத்தாண்டி துடைப்பாங்க"ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க.

ரெண்டு நாள் அம்மா மல்லுக்கட்டினாங்க. மூணாம் நாள்தான் விஷயம் பிடிபட்டுச்சு. துடைக்கிறது அப்பத்தாவுக்குப் பிரச்சினை இல்ல. அடுத்தவங்க துடைச்சு விடுறதுதான் பிரச்சினை. பதினெட்டு வயசுல கல்யாணமாகி வந்ததுல இருந்து மத்தவங்களைக் குளிப்பாட்டியே பழகின கை அது. மாமியாரை, பிள்ளைகளை, பேரன் பேத்திகளை. என்னையும்தான்.

அதுக்கப்புறம் முறையை மாத்தினோம். கை வெச்ச உயரமான நாற்காலி, முன்னாடி ஸ்டூல், அதுல ரெண்டு பாத்திரம் - ஒண்ணுல சோப்புத் தண்ணி, ஒண்ணுல நல்ல தண்ணி, ரெண்டுலயும் வெதுவெதுப்பா. சின்னத் துண்டு நாலு. கதவைச் சாத்திட்டு நான் வெளிய. முகம், கழுத்து, கை, வயிறு எல்லாம் அவங்களே துடைச்சுப்பாங்க. "ம்" னு ஒரு சத்தம் வந்தா நான் உள்ள போய் முதுகும் பாதமும். அவ்வளவுதான். சண்டையே இல்ல!

தலைக்கு? நாற்காலிக்குப் பின்னாடி வாளியை வெச்சு, தலையைப் பின்னால சாய்ச்சு, கழுத்துக்கு ஒரு துண்டை மடிச்சுக் குடுத்து மெதுவா ஊத்தி அலசினோம். காலுக்கு மேல பிளாஸ்டிக் ஷீட். பார்லர் மாதிரி இருக்குன்னு அப்பத்தாவுக்கு ஒரே பெருமை.

நடுவுல ஒரு சொந்தக்காரம்மா வந்து "தையல் மேல மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைச்சுப் பூசு, சீக்கிரம் ஆறும்"னு சொல்லிட்டுப் போனாங்க. அம்மா தலையாட்டிட்டு, அவங்க வாசல் தாண்டினதும் மஞ்சள் டப்பாவைத் தூக்கி மேல் அலமாரியில வெச்சுட்டாங்க. எண்ணெய், மஞ்சள், பவுடர், விபூதி எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

ஜன்னலுக்குக் கீழ ஈரம்

இதுதான் முக்கியமான இடம், கவனமாப் படிங்க.

வீட்டுக்கு வந்த ஆறாம் நாள். அப்பத்தாவுக்கு நாக்கு வறண்டு கிடக்கு, லேசாத் தலைசுத்தல், மலச்சிக்கல் வேற. ஆனா குடுக்குற தண்ணி டம்ளர் எல்லாம் காலியாத்தான் திரும்பி வருது. அம்மா துணி காயப்போடப் பின்பக்கம் போனப்ப பாத்திருக்காங்க, மே மாச வெயில்ல அப்பத்தா கட்டில் ஓரத்து ஜன்னலுக்குக் கீழ மட்டும் மண்ணு சொதசொதன்னு ஈரம். எல்லாத் தண்ணியும் கம்பி வழியா வெளிய போயிருக்கு!

கேட்டா முதல்ல பதிலே இல்ல. அப்புறம் மெதுவா, "குடிச்சா போகணும்ல. ராத்திரி எத்தனை தடவைத்தா உங்களை எழுப்புறது? அவளும் காலைல வேலைக்கு ஓடணும்..."

ஒவ்வொரு தடவையும் வாக்கரைப் பிடிச்சு எந்திரிக்கணும், ஒருத்தர் கூட வரணும், உக்கார ஒருத்தர் பிடிக்கணும். அதுக்குப் பயந்துதான் தண்ணியையே நிறுத்திட்டாங்க. டாக்டர்கிட்ட சொன்னப்ப அவர் முகமே மாறிடுச்சு. இந்த ஆபரேஷனுக்கப்புறம் கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு போற ஆபத்து இருக்கு, உடம்புல தண்ணி குறைஞ்சா அது இன்னும் கூடும். வலி மாத்திரை வேற சாப்பிடுறாங்க, அது கிட்னிக்கும் பாரம்னு சொன்னார். அத்தனை லட்சம் செலவு பண்ணின மூட்டு ஒரு பக்கம் நல்லாத்தான் இருக்கு, கூச்சத்தால ஆளுக்கே ஆபத்து வரப் பாத்துச்சு.

திட்டுறதால இது தீராதுன்னு அம்மாவுக்குப் புரிஞ்சுச்சு. ரெண்டு ஏற்பாடு பண்ணினோம். ஒண்ணு, கமோடு நாற்காலி. நடுவுல ஓட்டை, கீழ பாத்திரம் வெச்சது, மெடிக்கல் கடையில ரெண்டாயிரத்துச் சொச்சம். ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்துலயே வெச்சு, சுத்தி பழைய சேலையில ஒரு திரை. ரெண்டாவது, டைம்டேபிள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானே போய் "அப்பத்தா, எக்சர்சைஸ் டைம்"னு எழுப்புவேன். எந்திரிச்சு நடந்து, அப்படியே டாய்லெட், திரும்பி வந்து ஒரு டம்ளர் தண்ணி என் கண் முன்னாடி. அவங்களா "வருதுத்தா"ன்னு கேக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. அவங்களுக்குக் கஷ்டமா இருந்தது அந்தக் கேக்குறதுதான். கேக்க வேண்டாம்னு ஆனதும் தண்ணி தானா உள்ள போச்சு. ஜன்னலுக்குக் கீழ மண்ணும் காஞ்சுது.

பாத்ரூம்ல என்னென்ன மாத்தினோம்

நம்ம ஊர் பாத்ரூம் எல்லாம் நல்ல முழங்கால் இருக்குறவங்களுக்குக் கட்டினது. கீழ குத்துக்கால் போட்டு உக்கார்ற டாய்லெட், குட்டி மணைக்கட்டை, வாசல்ல ஒரு தடுப்பு, அதுக்குள்ள அரையடிப் பள்ளம், பளபளன்னு டைல்ஸ். மாத்தின முழங்கால் சாதாரணமா 110, 120 டிகிரி வரைக்கும் மடங்கும். நாற்காலியில உக்கார்ந்து எந்திரிக்க 90 தாண்டினா போதும். குத்துக்கால் போட அதுக்கும் மேல ரொம்ப வேணும், அது வேண்டாம்னுதான் டாக்டர்கள் பொதுவா சொல்றாங்க. அதனால அந்த டாய்லெட்டும் மணைக்கட்டையும் அவுட். நாங்க பண்ணினது இதெல்லாம்:

1. குளிக்க, கை வெச்ச பிளாஸ்டிக் நாற்காலி. நாலு காலுக்கும் ரப்பர் புஷ். உக்காந்தா இடுப்பை விட முழங்கால் மேல வரக்கூடாது, அந்த உயரம்.

2. சுவத்துல ஸ்டீல் பிடி ரெண்டு. டவல் கம்பியைப் பிடிச்சு எந்திரிக்கக் கூடாது. துண்டு தாங்குற கம்பி ஆளைத் தாங்காது, பேந்து கையோட வந்துடும்.

3. வழுக்காத ரப்பர் மேட், உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. ஓரம் மடங்கின பழைய மிதியடி, கோணிச் சாக்கு எல்லாம் தூக்கிப் போட்டாச்சு.

4. வாளியைத் தரையில வெக்காம ஒரு ஸ்டூல் மேல. குனியவே தேவையில்ல.

5. சோப்பை ஒரு பழைய சாக்ஸ்குள்ள போட்டு முடிச்சுப் போட்டுக் குழாய்ல தொங்கவிட்டோம். சோப்பு கீழ விழுந்தா அதை எடுக்கக் குனிஞ்சுதான் பாதிப் பேர் விழுறாங்கன்னு பிசியோதெரபிஸ்ட் அண்ணன் சொன்னார்.

6. உள்பக்கத் தாழ்ப்பாள் போடக் கூடாதுன்னு ஒப்பந்தம். அதுக்கு அப்பத்தா ஒத்துக்கவே இல்ல. கடைசில கதவு வெளிப்பக்கம் ஒரு சிவப்புத் துணி தொங்கவிட்டோம். அது தொங்கினா அப்பா, தம்பி யாரும் அந்தப் பக்கமே வரக்கூடாது. தம்பி இதை மட்டும் ஒழுங்காக் கடைப்பிடிச்சான்.

7. ராத்திரி பூரா எரியுற ஜீரோ வாட்ஸ் பல்பு. அப்புறம் ஒரு பூஜை மணி. சாமி மணியை டாய்லெட்டுக்கா எடுத்துட்டுப் போறதுன்னு சண்டை, அதனால தெருவுல ஐஸ் விக்கிறவர் வெச்சிருக்குற மாதிரி ஒரு மணி வாங்கினோம்.

பதினேழாம் நாள்

பின் எடுத்து, காயம் நல்லாக் காஞ்சிருக்குன்னு டாக்டர் பாத்து, ரெண்டு நாள் கழிச்சுக் குளிக்கச் சொல்லிட்டார். ஊறப்போடக் கூடாது, கண்மாய், குளம், தொட்டி எதுலயும் இறங்கக் கூடாது, காயம் மேல தேய்க்கக் கூடாது, தண்ணி சும்மா ஓடிப் போகட்டும், அப்புறம் ஒத்தி எடுக்கணும்.

உள்ள போறதுக்கே ஒரு வழிமுறை இருக்கு. படி இறங்கும்போது முதல்ல வாக்கர், அப்புறம் ஆபரேஷன் பண்ணின கால், கடைசில நல்ல கால். ஏறும்போது நல்ல கால்தான் முதல்ல. நான் ஒரு சார்ட் போட்டு ஒட்டலாம்னு நினைச்சேன். அப்பத்தா "நல்லது ஏறணும், கெட்டது இறங்கணும். அவ்வளவுதானே?"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. நாற்காலிகிட்ட போனதும் பின்னால திரும்பி, ரெண்டு காலோட பின்பக்கமும் நாற்காலி இடிக்கிற வரைக்கும் பின்னால வந்து, கையைப் பின்னால விட்டு நாற்காலிக் கையைப் பிடிச்சு, ஆபரேஷன் காலை முன்னால நீட்டிட்டு மெதுவா உக்காரணும்.

மார்புக்கு மேல பாவாடையைக் கட்டிக்கிட்டு உக்காந்தாங்க. நான் மக்ல தண்ணி மொண்டு தோள்ல ஊத்தினேன். ஒரு மக், ரெண்டு மக். மூணாவது ஊத்தறதுக்குள்ள என் கையில இருந்து மக்கைப் பிடுங்கிக்கிட்டாங்க. அப்புறம் விடாம தலையில ஊத்திக்கிட்டே இருந்தாங்க. ஒரு வாளி முழுக்க. பேச்சே இல்ல. தண்ணி லாரியை நம்பிக் குடும்பம் நடத்துற தெருவுல, அன்னைக்கு யாரும் "போதும்"னு சொல்லல.

பாதத்துக்கு மட்டும் அவங்க கை எட்டல. நான் கீழ உக்காந்து சோப்புப் போட்டேன். "விடுடி, வயசுப் புள்ள என் காலைக் கழுவிக்கிட்டு..."ன்னாங்க.

"ஆசீர்வாதம் வாங்குறேன்னு வெச்சுக்க அப்பத்தா."

"அதுக்கு விரல் இடுக்குல எதுக்குடி சோப்பு?"

வெளிய வந்து துணி மாத்துறதுலயும் வரிசை உண்டு. உக்காந்துக்கிட்டுதான் போடணும், பாவாடையோ உள்ளாடையோ ஆபரேஷன் கால்ல முதல்ல நுழைக்கணும். கழட்டும்போது அந்தக் கால் கடைசி. சேலை கொசுவம் வாக்கர்ல மாட்டும்ங்கிறதால ஒரு மாசத்துக்கு நைட்டி. வாழ்க்கையில முதல் தடவை நைட்டி போட்ட அப்பத்தா, இப்ப சேலைக்குத் திரும்ப மாட்டேங்குறாங்க. :-)

இன்னும் சில விஷயம்

- படுக்கும்போது முழங்காலுக்குக் கீழ தலைகாணி வெச்சா சுகமா இருக்கும். வெக்கக் கூடாது. கால் மடங்கினபடியே இறுகிடும். குதிகாலுக்குக் கீழ வெக்கணும், முழங்கால் நேராகும்.

- எக்சர்சைஸ் பண்றதுக்கு அரை மணி முன்னாடி வலி மாத்திரை. முடிஞ்சதும் துணியில சுத்தின ஐஸ், ஒரு பதினஞ்சு இருபது நிமிஷம்.

- வீக்கமும் அந்த இடத்துச் சூடும் சில மாசம் இருக்கும். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்த மாதிரி இருக்கும், தோல் நரம்பு அறுபடுறதால. பயப்பட வேண்டாம்.

- பயப்பட வேண்டியது: காய்ச்சல், காயத்துல சீழ் இல்ல நிக்காத கசிவு, கெண்டைக்கால்ல புதுசா வலியும் வீக்கமும், நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது. இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. காலைல பாத்துக்கலாம்னு விடக் கூடாது.

- பல் டாக்டர்கிட்ட போனா மூட்டு மாத்தினதை முதல்லயே சொல்லிடுங்க. மால், ஏர்போர்ட்ல மெட்டல் டிடெக்டர் கத்தலாம்.

ஆறாவது வாரம் வாக்கர் போய் கைத்தடி. மூணாம் மாசம் தெருமுனை மாரியம்மன் கோயில் வரைக்கும் தனியா நடந்து போயிட்டு வந்தாங்க. திரும்பி வராத விஷயங்களும் இருக்கு. தரையில சப்பணம் போட்டு உக்காந்து கீரை ஆயுறது, சாமி முன்னாடி விழுந்து கும்பிடுறது, கல்யாண வீட்டுப் பந்தி. கண்மாய்க் குளியலும்தான். படிக்கட்டு பாசி பிடிச்சிருக்கும், அங்க பிடிச்சுக்க ஸ்டீல் கம்பி கிடையாது. போன வாரம் ஊருக்குப் போனப்ப கரையில நாற்காலி போட்டு உக்காந்து பாத்துட்டு வந்தாங்க. "தண்ணி நல்லாக் கிடக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க.

உங்க வீட்ல யாருக்காவது ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிருந்தா, ஆஸ்பத்திரிக்குப் பை கட்டுறதுக்கு முன்னாடி ஒரு டேப்பை எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போங்க. வாக்கர் கதவுல நுழையுமா, நாற்காலி போட இடம் இருக்கா, பிடி எங்க வரணும்னு அளந்துட்டு வாங்க. அப்புறம் அவங்ககிட்ட உக்காந்து, யார் உதவினா கூச்சம் இல்லாம இருக்கும்னு வாயைத் திறந்து கேளுங்க. எங்க அம்மா இப்ப மூட்டு ஆபரேஷன் ஆன யார் வீட்டுக்குப் போனாலும் ஹார்லிக்ஸ் வாங்குறதில்ல. ரப்பர் மேட் வாங்கிட்டுப் போறாங்க.

டிஸ்கி: நான் பி.காம்., டாக்டர் இல்ல. மேல சொன்னதெல்லாம் எங்க வீட்டு அனுபவம். உங்க டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் வேற மாதிரி சொன்னா, அவங்க சொல்றதைத்தான் கேக்கணும். சரியா?